வண்டியே வீடானவர்களுக்குக் குளிர்காலம் எங்கே?

அமெரிக்காவில் வேனிலும், பழைய பள்ளிப் பேருந்திலும், ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியிலும், சாதாரணக் காரிலும்கூட ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியம் வாடகைக்கே போதாமல் வீட்டைக் கைவிட்டவர்கள் உண்டு. அக்டோபரில் வட டகோட்டா, மினசோட்டா எல்லையில் சர்க்கரை பீட் அறுவடை, கோடையில் தேசியக் காடுகளில் முகாம் பராமரிப்பு என்று பருவ வேலையைத் துரத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டு. விரும்பியே நாடோடியானவர்களும் உண்டு. ஜெசிகா புரூடர் எழுதி 2017இல் வெளிவந்த ‘நோமட்லேண்ட்’ நூலும், அதை வைத்துக் குளோயி ஷாவ் இயக்கி 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற திரைப்படமும் இவர்களை உலகறியச் செய்தன. நவம்பர் பிறந்ததும் இவர்கள் அத்தனை பேர் முன்னும் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. இந்தக் குளிரை எங்கே கழிப்பது?

நல்ல சுவர்களுக்குள் இருப்பவர் குளிரை மின்கட்டணமாகச் சந்திக்கிறார். தகரச் சுவருக்குள் தூங்குகிறவர் அதை உடம்பிலேயே வாங்கிக்கொள்கிறார். அறுபது, எழுபது வயதைக் கடந்தவர் உடற்சூடு இழந்து துவண்டுவிட, வெளியே தண்ணீர் உறைய வேண்டும் என்பதில்லை. பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஈரமும் காற்றும் சேர்ந்தாலே போதும். ஆகவே இடம் தேர்வது இவர்களுக்கு உயிரோடு தொடர்புடைய முடிவு. அதை அந்தக் கனத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் உடனே சொல்லும் விடை, ‘தெற்கே போங்கள்’ என்பது. அது பாதி விடைதான். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரம், அரிசோனாவின் யூமாவைவிட ஏறத்தாழ ஒரு பாகை தெற்கே இருக்கிறது. ஆனால் ஜனவரி இரவுகளில் எல் பாசோவின் சராசரி உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. யூமாவிலோ எட்டு, ஒன்பது டிகிரி. காரணம் உயரம். எல் பாசோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,140 மீட்டர் மேலே இருக்கிறது. யூமா வெறும் 43 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலையியலின் பால பாடம். யூமா இருக்கும் அதே அரிசோனாவில்தான் பிளாக்ஸ்டாஃப் நகரமும் இருக்கிறது. உயரம் 2,100 மீட்டர். அங்கே ஜனவரி இரவு மைனஸ் எட்டு டிகிரி அளவுக்கு இறங்கும். ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் அளவுக்குப் பனி கொட்டும்.

பழகிய நாடோடிகள் இந்த உயர வேறுபாட்டையே ஆண்டுச் சுழற்சியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் பிளாக்ஸ்டாஃப் பக்கத்துப் பைன் காடு. குளிரில் கொலராடோ ஆற்றோரப் பாலை. நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடிவரை ஓட்டி எரிபொருளுக்குப் பணத்தைக் கரைக்காமல், அரை நாள் ஓட்டத்தில் மலை ஏறி இறங்கியே பருவத்தை மாற்றிக்கொள்கிறார்கள். மாதம் சில நூறு டாலரில் வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவு வேறில்லை என்பேன்.

நியூ மெக்சிகோவுக்குப் போய்க் குளிரில் மாட்டிக்கொள்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். அம்மாநிலப் பூங்காக்களில் தங்கச் செலவு குறைவு என்பதால் பலரும் ஈர்க்கப்படுகிறார்கள். மெக்சிகோ எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள கொலம்பஸ் ஊரின் பாஞ்சோ வில்லா பூங்காகூட 1,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. எல்லையைத் தொட்டுவிட்டோம், இனிக் குளிர் இல்லை என்று நம்பிப் போனால் விடியற்காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்திருக்கும். தென்மேற்குப் பாலையைப் பொறுத்தவரை டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கு 600 மீட்டருக்குக் கீழேதான் தேட வேண்டும். 300 மீட்டருக்குக் கீழே கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்காக உயரம் மட்டுமே எல்லாம் என்றும் ஆகிவிடாது. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஃபர்னஸ் கிரீக் பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவாகி உலகச் சாதனையாகக் குறிக்கப்பட்ட இடம் அது. ஆனால் யூமாவைவிட நான்கு பாகைக்குக் கிட்ட வடக்கே இருப்பதால், டிசம்பர் இரவில் அங்கே நான்கு டிகிரிதான் சராசரி.

இங்கே இரவுக் கணக்கை மட்டுமே சொல்லிவருவதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றுலா விளம்பரங்கள் பகல் வெப்பத்தைத்தான் போடும். அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரில் ஜனவரிப் பகல் இருபது டிகிரி என்றால் யாருக்கும் ஆசை வரும். அதே நாள் விடியலில் ஐந்தாறு டிகிரி என்பதுதான் வண்டிக்குள் படுத்திருப்பவருக்கு வேண்டிய செய்தி. பாலையில் மேகமும் ஈரப்பதமும் குறைவு. பகலில் வாங்கிய சூட்டை மண் இரவில் வானுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். குளிர்காலத்தில் அங்கே இரவு பதினான்கு மணி நேரம். வெயிலில் உட்கார்ந்திருப்பது நாளில் சில மணி நேரம்தான். குளிரோடு கிடப்பது அதைவிட நெடுநேரம்.

இனி ஒரு முரணைச் சொல்ல வேண்டும். பெரிய அளவில் பார்த்தால் தாழ்ந்த நிலம் நல்லது. சிறிய அளவில் பார்த்தால் தாழ்ந்த நிலம் கெட்டது. குளிர்ந்த காற்று கனமானது. காற்றசைவில்லாத தெளிந்த இரவில் அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நமக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டியதாகச் செய்திகளில் வரும் இடங்களைக் கவனித்தால், தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளே திரும்பத் திரும்ப வரும். இதன் உச்சத்தை யூட்டா மாநிலத்துப் பீட்டர் சிங்க்ஸ் என்னும் மலைக் குழியில் பார்க்கலாம். வடிகாலில்லாத அந்தப் பள்ளத்தில் 1985 பிப்ரவரி 1 அன்று மைனஸ் 56 டிகிரி பதிவாயிற்று.

வண்டியை நிறுத்துகிறவருக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய விதி. பள்ளத்தாக்கின் அடியிலும், வறண்ட காட்டாற்றுப் படுகையிலும் நிற்காமல், மலையடிவாரத்தின் மென்சரிவில் கொஞ்சம் மேலேறி நிற்க வேண்டும். இருபது, முப்பது மீட்டர் உயர வேறுபாடே இரவில் சில டிகிரியை மாற்றிவிடும். காட்டாற்றுப் படுகையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. பாலையில் மழை எங்கோ தொலைவு மலையில் பெய்யும். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மணல் மெத்தென்று இருக்கிறதே, புதர்கள் காற்றை மறைக்கின்றனவே என்று ஆசைப்பட்டு உள்ளே இறங்குவது, குளிருக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிடும் வேலை.

இந்தக் குளிர்காற்று வடிவதைப் பாலைத் தாவரங்கள் மூலம் ஆராய்ந்தவர் ஃபாரஸ்ட் ஷ்ரீவ். அரிசோனாவின் டூசான் நகரத்து டுமமாக் குன்றில் கார்னகி நிறுவனம் 1903இல் அமைத்த பாலைவன ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் அவர். சகுவாரோ எனும் தூண் கள்ளி எங்கே வளர்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பதைக் குறைந்த வெப்பம் எப்படித் தீர்மானிக்கிறது என்று 1911இலும், குளிர்காற்று சரிவில் வழிவதைப் பற்றி 1912இலும் கட்டுரைகள் எழுதினார். சகுவாரோ ஓர் இரவு உறைபனியைத் தாங்கும். மறுநாள் பகலிலும் உறைநிலை விலகாமல் நீடித்தால் செத்துப்போகும். அதன் வாழிடத்தின் மேல் எல்லையில் அது தெற்கு நோக்கிய சரிவுகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். வெப்பமானியோ செல்பேசி அலைவரிசையோ இல்லாத இடத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர் சுற்றிலும் பார்த்தால் போதும். முதிர்ந்த சகுவாரோக்கள் நூறாண்டுக்கு மேல் நிற்கின்றன என்றால், அந்தச் சரிவில் கொடிய குளிர் தங்கியதில்லை என்று பொருள். அயர்ன்வுட் மரமும் அப்படித்தான். உறைபனி குறைந்த இடங்களையே அது தேர்ந்துகொள்கிறது. இந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு நிலமே வானிலை அறிக்கை.

அடுத்தது வெயில். டிசம்பர் இறுதியில் குவார்ட்சைட் வானில் சூரியன் நண்பகலிலும் 33 பாகைக்கு மேல் ஏறாது. சியாட்டிலில் 19 பாகைதான். வண்டியின் பெரிய சன்னலைத் தெற்கே திருப்பி நிறுத்தினால் பகல் முழுதும் இலவசமாகச் சூடு சேரும். கூரைமேல் படுக்கையாகக் கிடக்கும் சோலார் பேனல் அந்த நண்பகலிலும் முழு ஒளியில் பாதிக்குச் சற்று மேல்தான் பெறும்; தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்தால் பலன் கிட்டத்தட்ட இரட்டிக்கும். மலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் முக்கியம். குவார்ட்சைட்டுக்கு மேற்கே டோம் ராக் மலை, கிழக்கே ப்ளோமோசா மலை. டோம் ராக்கின் கிழக்கடியில் நிற்பவருக்குக் காலை வெயில் சீக்கிரம் வரும், மாலை நிழலும் சீக்கிரம் வரும். என்னைக் கேட்டால் காலை வெயில்தான் விலைமதிப்பு மிக்கது. இரவெல்லாம் குளிர்ந்த தகரத்துக்கு அரை மணி முன்னதாகச் சூடு கிடைப்பது, மாலையில் அரை மணி கூடுதலாகக் கிடைப்பதைவிட உடம்புக்கு இதம்.

பகுதிகளை ஒப்பிடுவோம். டெக்சாஸின் தென்முனையில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கும் பாட்ரே தீவும் குளிர்காலவாசிகளுக்கு நெடுநாள் பழக்கமானவை. பாட்ரே தீவு தேசியக் கடற்கரையில் மணலிலேயே வண்டியை நிறுத்தித் தங்கலாம். பெரும்பாலான நாட்கள் இதமாகவே போகும். ஆனால் அந்தச் சமவெளிக்கும் துருவப் பகுதிக்கும் நடுவே குறுக்கே ஒரு மலைகூட இல்லை. வடகாற்று கிளம்பினால் ஒரே நாளில் இருபது டிகிரி சரியும். 2021 பிப்ரவரியில் வந்த உறைபனிப் புயல் எல்லையோரப் பிரவுன்ஸ்வில் வரை உறைய வைத்தது. மின்சாரம் அற்றுப்போய், மாநிலக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அரிசோனாவின் தென்மேற்கு மூலைக்கு ராக்கி மலைத்தொடரும் கொலராடோ பீடபூமியும் அரணாக நிற்கின்றன. சராசரியை மட்டும் பார்த்து டெக்சாஸையும் யூமாவையும் சமமாக வைப்பவர்கள், மிக மோசமான நாள் எப்படியிருக்கும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். வண்டியில் வாழ்பவரைச் சாய்ப்பது அந்த ஒரு நாள்தான்.

புளோரிடாவின் தென்பாதி உண்மையிலேயே வெதுவெதுப்பானது. கீ வெஸ்ட்டில் உறைபனியே பதிவானதில்லை. ஆனால் அங்கே இடவாடகை எட்டாத உயரம். நடு புளோரிடாவில் ஓகாலா தேசியக் காடு மலிவு. ஈரப்பதம் அதிகம் என்பதால் எட்டு டிகிரி இரவும் எலும்புவரை இறங்கும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். கலிபோர்னியக் கடற்கரை நகரங்களில் இரவுகள் இதமானவை. ஆனால் பல ஊர்களில் தெருவில் வண்டிக்குள் தூங்க விடமாட்டார்கள். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் கான்செப்ஷன் விரிகுடாக் கடற்கரைகள் அழகும் வெப்பமும் சேர்ந்தவை. தீபகற்பத்துக்குள் வண்டிக்குத் தனி இறக்குமதி அனுமதிகூடத் தேவையில்லை. ஆனால் மருந்துக்கும் மருத்துவருக்கும் அமெரிக்க முதியோர் காப்பீட்டை நம்பியிருப்பவர் எல்லை தாண்டி மாதக்கணக்கில் இருப்பது எளிதல்ல.

எல்லாவற்றையும் எடைபோட்டால் கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதி, அதாவது குவார்ட்சைட்டிலிருந்து யூமா வரையிலான பாலை, முன்னால் நிற்கிறது. வானிலை அதற்கு ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் சட்டம். மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்குச் சொந்தமான நிலத்தில் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள்தான் ஒரே இடத்தில் தங்கலாம். பிறகு அரிசோனாவில் வழக்கமாக 40 கிலோமீட்டர் விலகிப் போக வேண்டும். முதுமையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நகர்வது எரிபொருளையும் உடலையும் தின்னும். இதற்கு விடையாக 1983இல் பணியகம் நீண்டகாலத் தங்குமிடங்களை ஏற்படுத்தியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கும் பல ஆண்டுகளாக 180 டாலர், இரண்டு வாரத்துக்கு 40 டாலர் என்று இருந்தது. கட்டணம் மாறக்கூடியது, கிளம்பும் முன் பணியகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். குவார்ட்சைட்டின் தெற்கே லா போசா, யூமாவுக்கு வடக்கே இம்பீரியல் அணைப் பகுதி ஆகியவை இவற்றில் பெரியவை. குடிநீர், குப்பை போடுமிடம், கழிவுத்தொட்டியைக் காலி செய்யுமிடம் எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். கழிவுத்தொட்டி இல்லாத வண்டிகள் பொதுக் கழிப்பறையை ஒட்டிய பகுதியில்தான் நிற்க வேண்டும். ஒரு மாத வாடகையில் சிறு பகுதியைக் கொடுத்து ஏழு மாதம் சட்டப்படி, யாரும் சன்னலைத் தட்டி எழுப்பாமல் தூங்கலாம் என்றால், இது அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

2020 மக்கள்தொகைக் கணக்கில் 2,413 பேர் மட்டுமே இருந்த குவார்ட்சைட், ஜனவரியில் வண்டிகளால் நிறைந்து வேறோர் ஊராகிவிடும். வண்டியில் வாழ்வதைப் பற்றி இணையத்தில் நெடுநாளாக எழுதிவரும் பாப் வெல்ஸ் 2010இல் இந்த ஊருக்கருகே தொடங்கிய குளிர்காலச் சந்திப்பு, புதியவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது. சோலார் பேனல் பொருத்துவது, கழிவை ஒழுங்காக அகற்றுவது, தனியாக வாழும் பெண்கள் பாதுகாப்பாக இருப்பது என்று அனுபவசாலிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெப்பத்தைத் தேடி வருகிறவர்கள் அண்டை அயலையும் கண்டடைகிறார்கள். நெஞ்சுவலி வந்தால் கதவைத் தட்ட ஒருவர் இருப்பது, இரண்டு டிகிரி கூடுதல் வெப்பத்தைவிட மேலானது. தனிமையான அழகிய இடத்தையும், நாலு பேர் இருக்கும் சாதாரண இடத்தையும் ஒப்பிடும் முதியவர், முதல் குளிர்காலத்திலாவது இரண்டாவதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அங்கே காற்று பலமாக அடிக்கும். விரித்த பந்தல்துணியைக் கிழித்துக்கொண்டு போகும். தூசியில் பள்ளத்தாக்குக் காய்ச்சல் எனும் பூஞ்சை நோய்க்கான வித்துகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பதிவாகும் நோயாளிகளில் பெரும்பகுதி அரிசோனாவில்தான். வாரக்கணக்கில் இருமலும் சோர்வும் விடாவிட்டால், பாலையில் தங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாலை நிலம் பார்வைக்கு முரடானது. ஆனால் எளிதில் ஆறாதது. இரண்டாம் உலகப்போரின்போது ஜெனரல் பாட்டன் தொடங்கிய பயிற்சிக் களத்தில் 1942 முதல் 1944 வரை ஓடிய டாங்கிகளின் தடம் இன்றும் தெரிகிறது. ஏற்கெனவே வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்பது நம் கடமை.

எவ்வளவு நல்ல இடமானாலும் சில இரவுகளுக்கு ஹீட்டர் தேவைப்படும். உயிரிழப்பு நேர்வது சில சமயம் குளிரால் அல்லாமல் குளிருக்குச் செய்யும் மாற்றால் என்பது கொடுமை. மூடிய வண்டிக்குள் அடுப்பையோ கரியையோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். புகையை வெளியே தள்ளும் குழாய் இல்லாத புரோப்பேன் ஹீட்டரில் இன்னொரு சிக்கல். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். அது குளிர்ந்த தகரத்தில் துளியாகப் படிந்து போர்வையை நனைக்கும், நனைந்த போர்வை குளிரைக் கூட்டும். வெளியேற்றுக் குழாய் உள்ள டீசல் ஹீட்டர், வேலை செய்கிற எச்சரிக்கை மணி, எந்நேரமும் சற்றே திறந்திருக்கும் சன்னல் மூன்றும் கட்டாயம். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது. சரியான இடத்தைத் தேர்ந்தவருக்கு இந்தக் கவலைகளில் பாதி வராமலே போகும். பொருள்களை வாங்கிக் குவிப்பதைவிட முன்னூறு மீட்டர் கீழே இறங்குவது மலிவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நகரங்களில் தங்குவது நாளுக்கு நாள் கடினமாகிவருகிறது. ஒரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், பொது இடத்தில் தங்குவதற்கான தடையை நகரங்கள் அமல்படுத்துவது அரசமைப்புக்கு முரணில்லை என்று 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் பல ஊர்கள் கெடுபிடியை இறுக்கின. கடற்கரை நகரத்தின் இதமான தெருவிலிருந்து விரட்டப்படுகிறவர் போகக்கூடிய இடம் பாலையின் பொது நிலம்தான். அங்கும் கட்டணத்தைக் கூட்டினாலோ இடத்தைக் குறைத்தாலோ, எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் உறைபனி விழும் ஏதோவொரு வண்டி நிறுத்துமிடத்தில் இரவைக் கழிப்பார். நீண்டகாலத் தங்குமிடங்களின் கட்டணத்தை ஓய்வூதியர் தாங்கும் அளவில் வைக்க வேண்டும். தண்ணீரும் கழிவு வசதியும் உள்ள இத்தகைய இடங்களை இன்னும் தாழ்ந்த பாலைப் பகுதிகளில் திறக்க வேண்டும்.

இந்தக் குளிருக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. வரைபடத்தில் முதலில் உயரத்தைப் பாருங்கள். பிறகு 1991–2020 சராசரியில் இரவுக் குறைந்த வெப்பத்தைப் பாருங்கள். தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் நிற்கப்போகும் இடத்தின் மேலேயே சொடுக்கி அந்தப் புள்ளிக்கான முன்னறிவிப்பை வாங்குங்கள். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள். சரிவையும், ஓடையையும், காலை வெயில் வரும் திசையையும் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும்.